மதிலும் மாந்தரும்: ஐரோப்பிய மொழிகளில் ஒரு சொல்லின் வரலாறு

பழைய ஆவணங்களைப் பயிலும் வரலாற்று மாணவனுக்கு அறியாத சொற்களினால் விளையும் இடர் சிறிது; அறிந்த சொற்களினால் விளையும் இடரே பெரிது. அறியாத சொல் எதிர்ப்படும்பொழுது அகராதியை நாடுகிறோம். அறிந்த சொல் எதிர்ப்படும்பொழுதோ, இன்று நாம் கொள்ளும் பொருளையே அன்றுள்ளாரும் கொண்டனர் என எண்ணி மேலே சென்றுவிடுகிறோம். சொல்லின் பொருளுக்குரிய காரணம் எளிதிற் புலப்படத் தோன்றாது எனத் தொல்காப்பியர் உரியியலிற் கூறியது, வரலாறு பயில்வோரும் மனங்கொள்ள வேண்டிய எச்சரிக்கையாகும்.

'பூர்ஷுவா' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். அரசியல் மேடைகளிலும் இலக்கியத் திறனாய்விலும் நம்மிடையே பல்லாண்டுகளாக வழங்கிவரும் சொல் இது. உற்பத்திச் சாதனங்களைத் தம் உடைமையாகக் கொண்ட வர்க்கத்தினரை இது குறிக்கும். சில வேளைகளில் அவ்வர்க்கத்துக்குரிய மனப்பாங்கைப் பழித்துரைக்கவும் பயன்படும். இதனோடு உடன்பிறந்த 'பியூர்கர்' என்னும் ஜேர்மன் சொல்லோ நாட்டின் குடியுரிமை பெற்ற எவரையும் மதிப்புடன் சுட்டுவது. இன்னோர் உடன்பிறப்பாகிய 'பேர்கர்' என்பது நம் நாட்டில் ஒரு சிறுபான்மைச் சமூகத்தின் பெயர். வர்க்கம், குடியுரிமை, இனம் என்னும் மூன்று வேறுபட்ட கருத்துக்களை ஒரே வேரிலிருந்து தோன்றிய சொற்கள் எவ்வாறு தாங்கின? இவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. அரணும் அதன் பெயரும்

இச்சொற்கள் அனைத்துக்கும் மூலமாக அமைந்தது, அரண் செய்யப்பட்ட இடம் எனப் பொருள்படும் 'புர்க்' என்னும் ஜெர்மானியச் சொல்லாகும். குன்று எனப் பொருள்படும் 'பெர்க்' என்பதோடு அது உறவுடையது. ஆதியில் உயர்ந்த இடமே காவலுக்கேற்ற இடமாக இருந்தமையால் இவ்வுறவு இயல்பானதே. நான்காம் நூற்றாண்டில் விவிலியத்தைக் கோதிக் மொழியிற் பெயர்த்த வுல்பிலா, நகரத்தைக் குறிக்கும் 'பொலிஸ்' என்னும் கிரேக்கச் சொல்லுக்கு நேராகப் 'பௌர்க்ஸ்' என்பதையும், நகரமாந்தனைக் குறிக்கும் சொல்லுக்கு நேராக அதனடியாகப் பிறந்த 'பௌர்க்யா' என்பதையும் வழங்கினார். ஏறத்தாழ அதே காலத்தில், உரோமரின் படையியலை நூலாக எழுதிய வெகெத்தியுஸ், சிறு கோட்டையைப் 'பூர்குஸ்' என அழைப்பர் எனக் குறிப்பிட்டார். உரோமப் பேரரசின் எல்லைக்கு இருபுறத்தும் வாழ்ந்தோர் இச்சொல்லை அறிந்திருந்தனர் என்பது இதனாற் பெறப்படும்.

ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெசெக்ஸ் அரசனாகிய அல்பிரட் (ஆட்சிக்காலம் 871–899), டேனியர் படையெடுப்புக்களைத் தடுக்கும்பொருட்டு இத்தகைய அரண்களைத் தன் நாடெங்கும் அமைத்தான். இவ்வரண்களுள் முப்பதுக்கு மேற்பட்டவற்றைப் பட்டியலிடும் ஆவணமொன்று அவனுக்குப் பின் பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. மதிலின் ஒவ்வோர் ஐந்தரை யார் நீளத்துக்கும் நான்கு பேர் என்ற கணக்கிற் காவலரைத் திரட்டுவதற்கு ஒவ்வோர் அரணுக்கும் எவ்வளவு நிலம் பொறுப்பாக வேண்டும் என்பதை அது வரையறுத்தது. அங்கு மதிலே முதன்மையானது. மதிலின் நீளத்தைக் கொண்டே மாந்தர் எண்ணப்பட்டனர். ஜேர்மனியின் ஹம்பேர்க், ஒஸ்திரியாவின் சால்ஸ்பேர்க், ஸ்கொத்லாந்தின் எடின்பரோ, இங்கிலாந்தின் கன்ரபரி, ஸ்பெயினின் பூர்கோஸ் முதலிய ஊர்ப்பெயர்கள் இப்பழைய அரண்களை இன்றும் நினைவூட்டுகின்றன.

பிரெஞ்சு மொழியியலறிஞர் எமில் பென்வெனிஸ்த் 1970 இல் எழுதிய கட்டுரையொன்று ஈண்டு நோக்கற்பாலது. கிரேக்க மொழியில் 'பொலிஸ்' என்னும் நகரப் பெயரிலிருந்து 'பொலித்தேஸ்' என்னும் குடிமகன் பெயர் பிறந்தது. இலத்தீன் மொழியிலோ 'கிவிஸ்' என்னும் மனிதன் பெயரிலிருந்து 'கிவித்தாஸ்' என்னும் நகரப் பெயர் பிறந்தது. முன்னதில் இடம் மனிதனுக்குப் பெயர் தருகின்றது. பின்னதில் மனிதர் தம்முட் கொண்ட உறவே நகருக்குப் பெயர் தருகின்றது. நாம் ஆராயும் சொல் முன்னைய வகையினது. மதில் பெயர் தந்தது. மதிலைச் சார்ந்தோர் அப்பெயரைப் பெற்றனர். அங்ஙனமாயின் அப்பெயரைப் பெறாதோரும் இருந்தனர் என்பது சொல்லாமலே பெறப்படும். இச்சொல்லின் பிற்கால வரலாறு முழுவதும் இவ்வுண்மையோடு தொடர்புடையதாகும்.

2. மதிலுக்கு வெளியே நின்ற வணிகர்

மத்தியகால இலத்தீனில் 'பூர்கென்சிஸ்' என்னும் சொல் பிரான்சில் 1007 ஆம் ஆண்டில் முதன்முதலாகக் காணப்படுகின்றது என்றும், 1056 இற் பிளாண்டர்ஸ் பகுதியின் சென்ற் ஓமேர் நகரிலும், 1066 இல் ஜேர்மன் பேரரசுக்குட்பட்ட ஹுயி நகரிலும் அது வழங்கியதென்றும் பெல்ஜிய வரலாற்றறிஞர் ஹென்றி பிரென் காட்டியுள்ளார். மத்தியகால நகரங்கள் பற்றி 1925 இல் வெளிவந்த அவரது நூல் இத்துறையிற் பெருஞ் செல்வாக்குப் பெற்றது.

பழைய கோட்டைக்குள் வாழ்ந்தோர் பிரபுவின் படைவீரர், மதகுருமார், பணியாளர் ஆகியோர். வாணிகம் மீண்டும் தழைக்கத் தொடங்கியபொழுது வணிகர் வந்து தங்கியது கோட்டை மதிலுக்கு வெளியிலேயாகும். காலப்போக்கில் அவர்கள் தம் குடியிருப்பைச் சுற்றித் தாமே அரண் அமைத்துக்கொண்டனர். 'பூர்கென்சிஸ்' என்னும் பெயர் இப்புதிய அரணினருக்கே உரியதாயிற்று; பழைய கோட்டையினர் 'கஸ்தெல்லானி' என வேறு பெயராற் சுட்டப்பட்டனர் என்பது பிரென் தரும் விளக்கம். நகரங்களின் தோற்றத்துக்கு வணிகரையே தனிக்காரணமாக அவர் காட்டியதைப் பின்வந்த ஆய்வாளர் ஏற்கவில்லை. நிலவுடைமையாளர், திருச்சபை, உள்ளூர்க் கைவினைஞர் ஆகியோரின் பங்கையும் அவர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். எனினும் மதிலுக்கு வெளியே நின்றோரே மதிலின் பெயரைத் தமதாக்கிக்கொண்டனர் என்னும் செய்தி சிந்தனைக்குரியது.

புறம்பே நின்ற குடியிருப்பின் நினைவு வேறு சொற்களிலும் எஞ்சியுள்ளது. புறநகரைக் குறிக்கும் 'ஃபோபூர்' என்னும் பிரெஞ்சுச் சொல் 'அரணுக்குப் புறம்பானது' எனப் பொருள்படும் பழைய தொடரிலிருந்து வந்தது. பிற்காலத்தார் அதனைப் 'பொய்யான ஊர்' எனப் பிறழ உணர்ந்தமையால் அதன் எழுத்தும் அதற்கேற்ப மாறியது.

இத்தாலிய மொழியிலும் 'போர்கோ' என்பது பெரும்பாலும் மதிற்புறத்துக் குடியிருப்பையே குறித்தது. அங்கு உரோமர் காலத்து நகரங்கள் அழியாது நிலைத்தன. உயர்குடியினரும் நகருக்குள்ளேயே வாழ்ந்தனர். ஆதலால் நகர உரிமை பெற்றோனைக் குறிக்கப் பழைய இலத்தீன் வழிவந்த 'சித்தாதினோ' என்னும் சொல்லே போதுமானதாக இருந்தது. 'போர்கேசே' என்பது அத்தகைய அரசியல் மதிப்பைப் பெறவில்லை. காவற்படையினர் சீருடையின்றிப் பொதுமக்கள் உடையில் இருப்பதை இன்றும் இத்தாலியர் 'போர்கேசே உடையில்' இருப்பதாகவே கூறுவர். ஒரே சொல் ஒரு நாட்டில் உரிமையின் பெயராகவும் இன்னொரு நாட்டில் உடையின் பெயராகவும் நின்றமைக்கு அவ்வந்நாட்டின் நகர வரலாறே காரணமாகும்.

3. ஓராண்டும் ஒரு நாளும்

பன்னிரண்டாம் நூற்றாண்டளவில் இச்சொல் சட்டப்பொருள் பெற்றுவிட்டது. பிரெஞ்சு மன்னன் ஏழாம் லூயி 1155 இல் லொறிஸ் என்னும் ஊருக்கு உறுதிசெய்த பட்டயம், அங்கு வந்து ஓராண்டும் ஒரு நாளும் எவரும் உரிமை கோராத நிலையில் வாழ்ந்தவனைச் சுதந்திரனாக ஏற்றுக்கொண்டது. இத்தகைய விதி பல நகரங்களிலே காணப்படுகின்றது. நகரக் காற்று விடுதலை தரும் எனப் பலரும் எடுத்தாளும் முதுமொழி இவ்விதியின் சுருக்கமேயாகும். ஆயின் அத்தொடரை அவ்வடிவில் அமைத்தவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிஞர்களே. நிலமானிய முறையிற் பிரபுவின் நிலத்தோடு பிணிக்கப்பட்டிருந்த பண்ணையடிமைக்கு, இச்சொல் தன் வாழ்வையே மாற்றவல்ல ஒன்றாயிருந்தது.

ஆயினும் மதிலுக்குள் வாழ்ந்த அனைவரும் இப்பெயருக்கு உரியவராகவில்லை. உறுதிமொழி கூறி, கட்டணம் செலுத்தி, பல இடங்களில் வீடும் உடைமையாகப் பெற்றிருந்தோரே நகர உரிமையினர். வேலையாட்களும் நாட்கூலியினரும் மதிலுக்குள்ளேயே உரிமையற்று வாழ்ந்தனர். மறுபுறத்தில், மதிலுக்கு வெளியே வாழ்ந்தபடியே நகர உரிமையை மட்டும் பெற்றுத் தம் பிரபுக்களின் பிடியிலிருந்து விலகியோரும் இருந்தனர். ஜேர்மன் மொழியில் 'ப்ஃபால்பியூர்கர்' எனப்பட்ட இவர்களை, பேரரசன் நான்காம் சார்ள்ஸ் 1356 இல் வெளியிட்ட 'பொற்சாசனம்' தடைசெய்தது. கல்லாலான மதிலும் சட்டத்தாலான மதிலும் வேறு வேறாகிவிட்டமையை இத்தடை நன்கு காட்டுகின்றது. நியூரன்பேர்க் நகரம் தன் யூத மக்களை 1499 இல் வெளியேற்றிய செய்தியையும் இங்கு நினைவிற் கொள்ளல் வேண்டும். அந்நகரின் பெயரை இக்கட்டுரையில் மீண்டும் சந்திப்போம்.

இங்கிலாந்தில் நகர உரிமையினன் 'பேர்ஜெஸ்' எனப்பட்டான். சைமன் டி மொன்ற்ஃபேட் 1265 இற் கூட்டிய பாராளுமன்றத்துக்கு நகரங்களிலிருந்து பேர்ஜெஸ் எனப்பட்டோர் அழைக்கப்பட்டனர். அந்நாட்டிற் சொல்லின் சட்டப்பொருள் அதன் மூலப்பொருளினின்றும் எவ்வளவு தூரம் விலகியது என்பதற்குப் பழைய சாரம் என்னும் இடம் சான்றாகும். பழைய குன்றரணாகிய அவ்விடத்தை மக்கள் விட்டு நீங்கிப் பல நூற்றாண்டுகள் கழிந்த பின்பும், 1832 ஆம் ஆண்டின் சீர்திருத்தச் சட்டம் வரை அது இரு உறுப்பினரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிவந்தது. அதே வேளையிற் கைத்தொழிலால் வளர்ந்த மஞ்செஸ்ரர் நகருக்கு ஓர் உறுப்பினர்தானும் இருக்கவில்லை. மாந்தர் அற்ற மதிலுக்கு உரிமை இருந்தது; மதிலற்ற மாந்தருக்கு உரிமை இருக்கவில்லை.

4. பிரான்சில் ஒரு பிளவு

பிரான்சிற் 'பூர்ஷுவா' என்பது நெடுங்காலம் சலுகையின் பெயராக இருந்தது. பாரிஸ் நகரப் பூர்ஷுவா 'தாய்' என்னும் முடியரசின் நேர்வரியிலிருந்து விலக்குப் பெற்றிருந்தான். சட்டம் அவனைச் சாதாரண மக்களிடமிருந்து உயர்த்தியது. சமூகமோ அவனை உயர்குடியினருக்குக் கீழே நிறுத்தியது. இவ்விடைநிலையே மொலியேர் 1670 இல் அரங்கேற்றிய 'பூர்ஷுவாக் கனவான்' என்னும் நாடகத்தின் நகைச்சுவைக்கு அடிப்படை. துணிவணிகன் மகனாகிய ஜூர்டேன் செல்வம் அனைத்தும் பெற்றவன். ஆயினும் உயர்குடியினனாகத் தோன்றுவதற்காக இசை, நடனம், வாட்போர், தத்துவம் ஆகியவற்றுக்கு ஆசிரியரை அமர்த்தி ஏமாறுகின்றான். சட்ட ஏட்டில் மதிப்பைக் குறித்த சொல் அரங்கிற் சிரிப்பைக் குறித்தது.

இச்சொல்லை அரசியற் சிந்தனையிலிருந்து விலக்கியவர் ரூசோ. 1762 இல் வெளிவந்த 'சமூக ஒப்பந்தம்' என்னும் நூலின் அடிக்குறிப்பொன்றில், நகரத்தையும் அரசியற் சமூகத்தையும் ஒன்றாகக் கருதுவோர் பூர்ஷுவாவையும் குடிமகனாகிய 'சித்துவாயென்' என்பவனையும் ஒன்றாக மயங்குகின்றனர் என அவர் குறை கூறினார். இவ்வேறுபாடு அவருக்கு வெறும் ஏட்டறிவன்று. அவர் பிறந்த ஜெனீவாவிற் குடிமக்கள், பூர்ஷுவாக்கள், வதிவோர், அங்கு பிறந்த வதிவோரின் மக்கள் எனச் சட்டம் மாந்தரை வகுத்திருந்தது. உயர்பதவிகள் முதல் வகுப்பாருக்கே உரியன. இறுதி இரு வகுப்பாருக்கும் அரசியல் உரிமை இல்லை. ரூசோவே 1728 இல் மதம் மாறியதால் இழந்த குடியுரிமையை 1754 இல் மீளப் பெற்று, தம் நூல் அந்நகரில் எரிக்கப்பட்டமையைத் தொடர்ந்து 1763 இல் அதனைத் தாமே துறந்தவர்.

பிரெஞ்சுப் புரட்சி 'சித்துவாயென்' என்னும் சொல்லை அனைவருக்குமுரிய விளிப்பெயராக்கியது. ஆயினும் 1791 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, மூன்று நாட் கூலிக்கு ஈடான நேர்வரி செலுத்திய ஆடவரை மட்டுமே வாக்குரிமையுடைய 'செயற்படு' குடிமக்களாக ஏற்றது. பெண்கள் 'சித்துவாயென்' என்பதன் பெண்பால் வடிவத்தால் விளிக்கப்பட்டனர். பிரான்சில் அவர்கள் வாக்குரிமை பெற்றதோ 1944 இலேயாகும். சொல்லை மாற்றியதனால் மதில் மறைந்துவிடவில்லை என்பதை இவை உணர்த்துகின்றன.

5. ஜேர்மனியில் ஒரு சொல், இரு பொருள்

பிரெஞ்சு மொழி இரு சொற்களாற் பிரித்ததை ஜேர்மன் மொழி 'பியூர்கர்' என்னும் ஒரே சொல்லுக்குள் வைத்திருந்தது. இதனால் எழுந்த இடர்ப்பாட்டை ஜேர்மன் தத்துவவாதிகள் நன்குணர்ந்தனர். கான்ற் 1793 இல் எழுதிய கட்டுரையொன்றில், வாக்குரிமையுடையவன் அரசின் பியூர்கர். அவனை நகரத்துப் பியூர்கரோடு மயங்குதல் கூடாது என வேறுபடுத்தி, அதனைத் தெளிவாக்கும்பொருட்டுப் பிரெஞ்சுச் சொற்களையும் உடன் தந்தார். ஆயினும் அவர் அரசின் பியூர்கராக ஏற்றது தன் வாழ்வுக்குப் பிறரை அண்டியிராத ஆடவனையே. உழைப்பை மட்டும் விற்போன் அத்தகுதியற்றவன். தான் ஆக்கிய பொருளை விற்போன் தகுதியுடையவன். ஆகவே முடி திருத்துவோன் வெளியே நிற்க, பொய்ம்முடி செய்வோன் உள்ளே வந்தான். இவ்வெல்லையைத் துல்லியமாக வரைவது கடினமென்பதைக் கான்றே ஒப்புக்கொண்டார்.

ஹெகல் 1821 ஆம் ஆண்டுத் தலைப்புப் பக்கத்துடன் வெளிவந்த தம் 'உரிமைத் தத்துவம்' என்னும் நூலில், ஒவ்வொருவனும் தன் தேவையையே நாடி இயங்கும் தளத்தினைச் சுட்ட 'பியூர்கர்' என்பதன் அடியாக ஒரு தொடரை ஆண்டார். இங்கே பியூர்கர் என்பது 'பூர்ஷுவா' என்னும் பொருளிலேயே கொள்ளப்படும் எனப் பிரெஞ்சுச் சொல்லையும் சேர்த்து விளக்கினார். இத்தொடரை ஆங்கிலத்திற் பெயர்த்தோர் சிலவிடத்துக் 'குடிசார் சமூகம்' என்னும் பொருளிலும், சிலவிடத்துப் 'பூர்ஷுவாச் சமூகம்' என்னும் பொருளிலும் பெயர்த்தனர். தமிழில் அவற்றைப் பின்பற்றிய நாமும் இரண்டையும் வேறு வேறு கருத்துக்களாகக் கற்றுள்ளோம். மூலத்தில் இருப்பது ஒரே தொடராகும்.

இளம் மார்க்ஸ் 1844 இல் வெளியிட்ட 'யூதப் பிரச்சினை குறித்து' என்னும் கட்டுரை இப்பிளவையே தன் பொருளாகக் கொண்டது. அரசின் முன் சமமான குடிமகன் ஒருவனும், சந்தையிற் சமமற்ற தனியுடைமையாளன் ஒருவனும் ஒரே மனிதனுக்குள் வாழ்கின்றனர் என்றும், அரசியல் விடுதலை இப்பிளவை ஒழிக்கவில்லை என்றும் அவர் வாதிட்டார். 1848 இல் மார்க்ஸும் எங்கெல்ஸும் வெளியிட்ட 'கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கை'யில் மூலதன உடைமையாளரைச் சுட்டப் பிரெஞ்சுச் சொல்லே எடுத்தாளப்பட்டது. ஆனால் மத்தியகாலப் பண்ணையடிமைகளிலிருந்து தோன்றிய தொடக்ககால நகரமாந்தரைக் கூறுமிடத்து, மேலே நாம் கண்ட 'ப்ஃபால்பியூர்கர்' என்னும் பழஞ்சொல்லே வந்துள்ளது. இவ்வேறுபாட்டை அறியாது படிப்போர், பண்ணையிலிருந்து தப்பியோடி வந்தவனையும் ஆலை உடைமையாளனையும் ஒருவனாகவே காண்பர். 1888 ஆம் ஆண்டின் ஆங்கிலப் பதிப்பிற் பூர்ஷுவா வர்க்கம் என்பதற்கு எங்கெல்ஸ் தனிக்குறிப்பு எழுதி வரையறை செய்தமை, சொல்லின் பழம்பொருள் குறுக்கிடக்கூடும் என்பதை அவர் உணர்ந்திருந்தார் என்றே எண்ணச் செய்கின்றது.

6. உரிமையைப் பறித்த சொல்

உரிமை தருவதற்குத் தோன்றிய சொல் உரிமையைப் பறிக்கவும் பயன்பட்டமை இருபதாம் நூற்றாண்டின் வரலாறாகும். ரஷ்யாவில் இச்சொல் 'புர்ஷுய்' எனத் திரிந்து, 1917 ஆம் ஆண்டளவில் நல்லுடை உடுத்தோர் எவரையும் ஏசுவதற்குரிய வசைச்சொல்லாகப் பரவியது. 1918 ஆம் ஆண்டின் சோவியத் ரஷ்ய அரசியலமைப்பு, இலாபத்துக்காகக் கூலியாட்களை அமர்த்துவோர், உழைப்பின்றி வரும் வருமானத்தில் வாழ்வோர், தனிவணிகர், மதகுருமார் முதலியோரின் வாக்குரிமையை நீக்கியது. வாக்குரிமை இழந்தோர்க்கு உணவுப் பங்கீடு, வதிவிடம், பிள்ளைகளின் கல்வி ஆகியவற்றிலும் இடையூறு நேர்ந்தது. 1936 ஆம் ஆண்டின் அரசியலமைப்பே இவ்வகைப்பாட்டை நீக்கியது. சுரண்டலை ஒழிக்கும் நோக்குடன் எழுந்த அரசும் தன் எதிரியைப் பெயரிட்டு வெளியே நிறுத்துவதற்கு ஒரு மதிலை எழுப்பிக்கொண்டது.

ஜேர்மனியில் நேர்ந்தது இதனினும் கொடியது. நாற்சிகள் 1935 செப்ரெம்பர் 15 ஆம் நாள் நியூரன்பேர்க்கில் நிறைவேற்றிய சட்டங்களுள் ஒன்று பேரரசின் பியூர்கர் யாவர் என்பதை வரையறுத்தது. ஜேர்மானிய இரத்தமோ அதற்கு உறவான இரத்தமோ உடையவரே அத்தகுதிக்கு உரியவராயினர். ஏனையோர் அரசுக்கு உட்பட்டோர் என்னும் நிலைக்குத் தாழ்த்தப்பட்டனர். அவ்வாண்டு நவம்பரில் வெளிவந்த ஒழுங்குவிதி, யூதர் எவர் என்பதைப் பாட்டன் பாட்டியரை எண்ணித் தீர்மானித்தது. 1941 நவம்பரில் வெளிவந்த இன்னொரு விதி, நாட்டெல்லைக்கு வெளியே வதியும் யூதரின் நாட்டுரிமையையும் சொத்தையும் பறித்தது. அவ்வாறு வெளியே வதிந்தோருள் அவ்வரசே வலிந்து நாடுகடத்தியோரும் அடங்குவர். மதிலுக்குள் ஓராண்டும் ஒரு நாளும் வாழ்ந்தவனைச் சுதந்திரனாக்கிய சொல், பல நூற்றாண்டுகள் வாழ்ந்த குடும்பங்களை வெளியேற்றும் கருவியாயிற்று.

7. கடல் கடந்த சொல்

ஒல்லாந்த மொழியிலும் 'பேர்கர்' என்பது நகர உரிமையினனையே குறித்தது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனி கடல் கடந்து தன் குடியேற்றங்களை அமைத்தபொழுது இச்சொல்லும் உடன் சென்றது. கும்பனியின் ஊதியம் பெறும் ஊழியர் ஒருபுறமும், ஊழியத்திலிருந்து விடுபட்டுச் சொந்தத் தொழில் செய்ய அனுமதி பெற்ற 'சுதந்திரப் பேர்கர்' மறுபுறமுமாகக் குடியேறிய ஐரோப்பியர் வகுக்கப்பட்டனர். 1657 இல் ஆபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் இவர்களுக்கு நிலம் வழங்கப்பட்டது. பின்னர் அங்கிருந்து உள்நாடு சென்ற குடியேற்றவாசிகள் அமைத்த திரான்ஸ்வால் குடியரசின் 1858 ஆம் ஆண்டு அரசியலமைப்பு, திருச்சபையிலோ அரசிலோ வெள்ளையருக்கும் ஏனையோருக்கும் சமத்துவம் இல்லை என வெளிப்படையாக விதித்தது. பேர்கர் என்னும் நகர உரிமைச் சொல் அங்கு நிறத்தின் மதிலாகியது.

ஒல்லாந்தர் 1656 இற் கொழும்பையும் 1658 இல் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றியதைத் தொடர்ந்து இலங்கைக் கரையோரத்திலும் இப்பெயர் வழங்கலாயிற்று. சிறுவணிகம், மதுக்கடை, வெதுப்பகம் முதலிய தொழில்களில் இவர்கள் ஈடுபட்டனர். அப்பொழுது பேர்கர் என்பது ஒருவனின் தொழில்நிலையையும் சட்டநிலையையும் காட்டிய சொல். 1796 இல் ஆங்கிலேயர் இப்பகுதிகளைக் கைப்பற்றியதும் கும்பனி ஆட்சி ஒழிந்தது; ஊழியன், பேர்கர் என்னும் வேறுபாடும் பொருளற்றதாயிற்று. தங்கிவிட்ட அனைவருக்கும் பேர்கர் என்பதே பொதுப்பெயராக நிலைத்தது. 1830 ஆம் ஆண்டளவிற் கோல்புறூக் விசாரணைக் குழுவின் முன் சாட்சியமளித்த பிரதம நீதியரசர் ரிச்சார்ட் ஒட்லி, தந்தை வழியில் ஐரோப்பிய மரபினராய் இந்நாட்டிற் பிறந்தோரே இப்பெயருக்கு உரியவர் என்றும், தாயின் மரபு எதுவாயினும் இதனைப் பாதிக்காது என்றும் விளக்கினார். நகர உரிமையின் பெயர் தந்தைவழி மரபின் பெயராகிய நிலை இதுவாகும். 1908 இல் நிறுவப்பட்ட ஒல்லாந்தப் பேர்கர் சங்கம் தன் சஞ்சிகையிற் குடும்ப மரபுவழிகளை விரிவாகப் பதிவுசெய்தது.

தமிழர் இச்சமூகத்தினரைப் 'பறங்கியர்' என்றனர். இச்சொல் பிராங்கியர் என்னும் ஐரோப்பிய இனப்பெயர் அரபு, பாரசீக மொழிகளினூடாகத் திரிந்து வந்தது. மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் போர்த்துக்கேயக் கலப்பு மொழியைப் பேணிவந்தோரும், கொழும்பில் ஆங்கிலம் பேசி வாழ்ந்த ஒல்லாந்த மரபினரும் இவ்வொரே பெயரால் அழைக்கப்பட்டனர். 1956 ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்தைத் தொடர்ந்து இச்சமூகத்தினருட் பலர் ஆஸ்திரேலியாவுக்குப் புலம்பெயர்ந்தனர். அக்காலத்து ஆஸ்திரேலியக் குடிவரவுக் கொள்கையும் ஐரோப்பிய மரபுக்குச் சான்று வேண்டியது. கொழும்புத் துறையில் நின்ற பேர்கர் ஒருவனுக்கு அவன் பெயரின் பழம்பொருளாகிய குடியுரிமை எந்நாட்டில் என்பதே கேள்வியாயிற்று.

முடிவுரை

மேற்கூறியவற்றால், ஒரு சொல்லின் மூலத்தை அறிவது அதன் பொருளை அறிவதாகாது என்பது தெளிவாகும். 'புர்க்' என்னும் வேரிலிருந்து ஜூர்டேனையோ நியூரன்பேர்க் சட்டத்தையோ எவரும் ஊகித்திருக்க முடியாது. சொற்கள் சட்டங்களைப் படைப்பதில்லை; மாந்தரே படைக்கின்றனர். ஆயினும் இச்சொல் சென்ற நாடுகளிலெல்லாம் உள்ளிருப்போர் யாவர், வெளியே நிற்போர் யாவர் என்னும் வினா அதனைத் தொடர்ந்து சென்றது. கல், கட்டணம், வரி, உடைமை, வர்க்கம், நிறம், இரத்தம் எனக் காலந்தோறும் மதில் வெவ்வேறு பொருளாற் கட்டப்பட்டது.

நம் மொழியும் இதற்கு விலக்கன்று. 'குடி' என்பது இல்லத்தையும், குலத்தையும், ஆளப்படுவோரையும் ஒருங்கே குறிப்பது. 'பிரசை' என்னும் வடசொல் மக்கட்பேற்றையும் ஆளப்படுவோரையும் குறிப்பது. இரண்டினுள்ளும் பிறப்பு மறைந்து நிற்கின்றது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், இந்நாட்டில் அதற்கு முன் பிறந்தோர் மரபுவழிப் பிரசையாவதற்குத் தந்தையின் பிறப்பையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்த இடத்தையோ சான்றாகக் கேட்டது. தோட்டங்களை உழைத்து உருவாக்கிய மலையகத் தமிழருட் பல இலட்சம் பேரால் அச்சான்றைத் தர இயலவில்லை. அவர்கள் நாடற்றவராயினர், அடுத்த ஆண்டில் வாக்குரிமையையும் இழந்தனர். 1964, 1974 ஆம் ஆண்டுகளின் ஒப்பந்தங்களாற் பலர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். எஞ்சியோரின் நிலை 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தினாலேயே பெரிதும் சீரானது. லொறிஸ் பட்டயம் கேட்டது ஓராண்டும் ஒரு நாளுமே. நம் சட்டம் மூன்று தலைமுறை உழைப்பையும் போதாதெனக் கண்டது.

ஆகவே 'குடிமகன்' என்றோ 'பூர்ஷுவா' என்றோ 'மக்கள்' என்றோ ஓர் ஆவணம் கூறும்பொழுது, அச்சொல் எவரைச் சுட்டுகின்றது என்று கேட்பதோடு நாம் அமைதல் கூடாது. அது எழுதப்பட்ட காலத்தில் அச்சொல்லுக்கு வெளியே நின்றோர் யாவர் என்றும் கேட்டல் வேண்டும். அவர்களைப் பற்றிய செய்தி பெரும்பாலும் அவ்வாவணத்தில் இராது. வேறு ஆவணங்களிலேயே அதனைத் தேடிக் காணல் வேண்டும்.